சீனி கரையும், காகமும் கரையும்

கேள்வி கேட்டவர் ஒரு தந்தை. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் அவர் மகள், தமிழ்க் கட்டுரையில் "அம்மா கலக்கியதும் சீனி உருகியது" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் "உருகியது" என்பதை அடித்துவிட்டு மேலே "கரைந்தது" என்று எழுதிக் கொடுத்தாராம். "ரெண்டும் ஒண்ணுதானேப்பா, எப்படியும் சீனி காணாமப் போகுது" என்கிறாள் மகள். அதோடு விடவில்லை. காகம் கரையும் என்று படித்தோமே, அது எதில் கரைகிறது? கடற்கரையில் இருக்கும் கரையும் இதே கரையா? ஆங்கிலத்தில் சீனிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே 'டிசால்வ்' போதும் என்றால், தமிழில் நாடாளுமன்றத்தை மட்டும் ஏன் 'கலைக்கிறார்கள்'? தந்தை இத்தனையையும் என்னிடம் தள்ளிவிட்டார். நல்ல பிள்ளை. இவ்வளவு நல்ல கேள்விகளைப் பெரியவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் கட்டுரை வாக்கியம். ஆசிரியர் செய்த திருத்தம் சரிதான். ஏன் சரி என்பதைக் கோப்பிக் கடையிலேயே காட்டிவிடலாம். ஒரு தே ஓ பெங் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) வாங்கி மகள் முன்னால் வையுங்கள். அந்தக் குவளைக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. அடியில் போட்ட சீனி கரைகிறது. மேலே மிதக்கும் ஐஸ் உருகுகிறது. ஐஸைத் தட்டில் தனியாக எடுத்து வைத்தாலும் அது உருகத்தான் செய்யும், அதற்குச் சூடு போதும், துணைக்கு எதுவும் வேண்டாம். சீனியை அப்படித் தட்டில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க அப்படியே கிடக்கும். சிங்கப்பூர் வெயில் அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் சீனி உருகக் கிட்டத்தட்ட 186 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதே சீனி, குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். சாதாரண அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சீனியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். உப்பு இன்னும் பிடிவாதக்காரப் பொருள். உருக 801 டிகிரி கேட்கும். ஆனாலும் 100 கிராம் தண்ணீரில் 36 கிராம் வரை சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

உருகுவது தீயால் நடக்கிறது, கரைவது நீரால் நடக்கிறது. மகளுக்கு இந்த ஒரு வரி போதும்.

நம் வீட்டு அடுப்பங்கரையில் யாரும் இதில் தவறுவதில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். "நெய் உருகட்டும்" என்பார்கள். "வெல்லம் கரைஞ்சதும் வடிகட்டு" என்பார்கள். புளியைக் கரைப்பார்கள், மாவைக் கரைப்பார்கள். யாரும் புளியை உருக்குவதில்லை. இங்கே பிள்ளைகளுக்கு இது குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், அதனால் இந்த வேறுபாடு ஆங்கிலச் சொற்களோடு மனத்தில் பதிகிறது. தமிழ்ச் சொல்லை வீட்டில் காதால்தான் பிடிக்க வேண்டும். சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இது தானாக வந்துவிடும்.

அறிவியல் தமிழும் அடுப்பங்கரைச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல். இதற்குமேல் ஒரு துளியும் கரையாது என்ற நிலைக்கு வந்த கரைசலை இலங்கையில் நிரம்பிய கரைசல் என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது தெவிட்டிய கரைசல். எனக்கு இந்தத் 'தெவிட்டிய' மிகவும் பிடிக்கும். போதும் போதும் என்று தண்ணீரே இலையைக் கையால் மறைக்கிற மாதிரி இருக்கிறது.

அப்புறம் 'டிசால்வ்'. அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் அடிப்பொருள் கட்டவிழ்த்தல். கட்டியிருந்தது அவிழ்ந்தால் போதும். அவிழ்ந்தது சீனிக் கட்டியா, திருமணமா, நாடாளுமன்றமா என்று அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. தமிழ் அங்கே நின்று, 'எதனால் அவிழ்ந்தது?' என்று ஒரு கேள்வி கேட்கிறது. தீ என்றால் உருகுதல். நீர் என்றால் கரைதல். கையோ காற்றோ வந்து சேர்ந்திருந்ததைப் பிரித்துவிட்டால் கலைதல்.

கலைதலில் முக்கியமானது என்னவென்றால், உறுப்புகள் அழிவதில்லை. மேகம் கலைகிறது, கூட்டம் கலைகிறது, வாசலில் போட்ட கோலம் கலைகிறது, சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுகிறோம். சீட்டு ஐம்பத்திரண்டும் அப்படியே இருக்கின்றன, இருந்த ஒழுங்குதான் போய்விட்டது. 2025 ஏப்ரல் 15 அன்று அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், மே 3 அன்று வாக்களித்தோம். உறுப்பினர்கள் எங்கும் கரைந்து போகவில்லை. அவரவர் தொகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவை என்ற அமைப்புதான் பிரிந்தது. அதனால் 'கலைத்தல்' என்பது பொருள் பார்த்து இட்ட சொல். ஆங்கிலத்தைப் பார்த்து யாராவது 'நாடாளுமன்றம் கரைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்கும், அந்தச் சிரிப்பே இதற்குச் சான்று.

இந்த 'எதனால்' என்ற பார்வை நேற்று வந்ததல்ல. குறுந்தொகையில் இரண்டு பாடல்கள் இருக்கின்றன. 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், வெயில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெயைக் காட்டுகிறார்:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய்

காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க, வெண்ணெய் வழிந்து பரவுகிறது. 165ஆம் பாட்டில் பரணர் "அருங்கரை நின்ற உப்பொய் சகடம் பெரும்பெயல் தலைய" என்று, ஏறுவதற்கு அரிய கரையில் நின்ற உப்பு வண்டியைப் பெருமழையில் விடுகிறார். ஒன்றில் வெயில், மற்றதில் மழை. இருவருமே உருகு, கரை என்ற வினைகளைப் பயன்படுத்தவில்லை என்பது வியப்பு. ஆனால் எந்தப் பொருளை எது அழிக்கும் என்பதில் துளியும் பிசகவில்லை. உப்பை வெயிலிலோ வெண்ணெயை மழையிலோ வைத்திருந்தால் அந்த உவமைகள் நின்றிருக்காது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இதற்குப் பக்கத்து வீட்டு மொழிகளிடம் போக வேண்டும். கன்னடத்தில் 'கரகு' என்றால் கரைதல். தெலுங்கில் 'கரகு', 'கருகு'. ஆக இது வடமொழியிலிருந்து வாங்கியது அல்ல, தென்னாட்டு மொழிகளின் பொதுச் சொத்து, மிகப் பழையது. இதில் மகளுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பனிக்கட்டி உருகுவதற்கும் இதே சொல்தான், சீனி கரைவதற்கும் இதே சொல்தான். மகள் பெங்களூரில் கன்னடத்தில் எழுதியிருந்தால் அவள் எண்ணப்படியே இரண்டும் ஒன்றாகிவிடும், சிவப்பு மை வந்திருக்காது. பழைய தமிழ் அகராதிகளும் கரைதலுக்கு உருகுதல் என்று ஒரு பொருள் கொடுக்கத்தான் செய்கின்றன. காலப்போக்கில் தமிழ் இரண்டு வேலைக்கும் இரண்டு ஆளை வைத்துக்கொண்டது. 'உருகு' தீயின் பக்கம் போனது, 'கரை' நீரோடு தங்கிவிட்டது. மலையாளம் வேறு வழியில் போய்விட்டது, அங்கே நீரில் கரைவதற்கு 'அலியுக' என்பார்கள்.

அப்படியென்றால் மலையாளத்தில் 'கரயுக' என்று ஒன்று உண்டே, அது என்ன? அது அழுதல். இந்த இடத்தில்தான் காகம் வந்து உட்காருகிறது.

காகம் கரைவது வேறு சொல். ஒலி ஒன்று, எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. கன்னடத்தில் கரைதலுக்கு 'கரகு' என்றால், அழைத்தலுக்குக் 'கரெ'. இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. பரோவும் எமனோவும் 1961இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியிலும் இவை தனித்தனிப் பதிவுகள்தான். தமிழில் மட்டும் இரண்டு ஆறும் ஒரே பெயரோடு ஓடுகின்றன. இந்த இரண்டாவது கரை என்பதற்கு ஒலித்தல், அழைத்தல், அழுதல் என்று பொருள். வள்ளுவர் சொல்வது இதைத்தான்:

காக்கை கரவா கரைந்துண்ணும் ஆக்கமும்
அன்னநீ ரார்க்கே உள

527ஆம் குறள். காக்கை தனக்குக் கிடைத்ததை ஒளிக்காது (கரவா), உறவைக் கூப்பிட்டு (கரைந்து) உண்ணும். 'கர', 'கரை' என்று கிட்டத்தட்ட ஒரே ஒலியில் ஒளித்தலையும் அழைத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அழகை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இதற்கும் முன்னால் குறுந்தொகை 210ஆம் பாட்டு, "விருந்து வரக் கரைந்த காக்கையது பலியே" என்று முடிகிறது. விருந்தாளி வரப்போவதைச் சொல்லிக் கூப்பிட்ட காக்கைக்கு ஏழு கலம் நிறைய நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்கிறாள் தோழி. பாடியவருக்கு அந்த வரியாலேயே பெயர் கிடைத்தது: காக்கைபாடினியார் நச்செள்ளையார். இங்கே நாம் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்க முடியாது. 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கு உணவு வைப்பது சிங்கப்பூரில் குற்றம். அமாவாசையன்று எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே அது கரைவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

இரண்டு சொல்லையும் பிரித்தறிய ஓர் இலக்கண வழி இருக்கிறது. நீரில் கரைவதற்குப் பிறவினை உண்டு: சீனி கரைந்தது, நான் கரைத்தேன். காகத்துக்கு அப்படிச் சொல்வதில்லை. காகம் கரைந்தது, அவ்வளவுதான். "நான் காகத்தைக் கரைத்தேன்" என்று யாராவது சொன்னால் பயந்துவிடுவோம்.

இந்த வழி ஒரு பழமொழி வழக்கையும் தீர்த்து வைக்கும். 'கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்.' சொல்கிற விதத்தில் சொன்னால் கல்நெஞ்சக்காரரும் இணங்கிவிடுவார் என்பது பொருள். பேசி மனத்தை மாற்றுவதைப் பற்றிய பழமொழி என்பதால், இங்கே கரைத்தல் என்பது அந்தக் காகத்தின் கரைதல், அதாவது பேசுதல் என்று விளக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கரைப்பார், கரைத்தால் என்று வல்லெழுத்தோடு வருவது நீரின் வினை. கரைவார், கரைந்தால் என்று வந்திருந்தால் மட்டுமே காகத்தின் பக்கம் போகலாம். கல்லும் கரையும் என்று முடிவதே போதுமே. பேச்சை நீராக்கிப் பார்த்த பழமொழி இது.

கல் உண்மையிலேயே கரையுமா என்று மகள் கேட்பாள். கரையும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். 272 படி ஏறி உள்ளே நுழைந்ததும் தலைக்குமேல் விரியும் அந்த வெற்றிடத்தை யாரும் உளி வைத்துச் செதுக்கவில்லை. அது சுண்ணாம்புக் கல் மலை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்தத் தண்ணீர் விரிசல் வழியே இறங்கி, யுகம் யுகமாகக் கல்லைக் கரைத்துக் குடைந்ததுதான் முருகன் குடியிருக்கும் குகை. மேலிருந்து தொங்கும் கல் விழுதுகள், கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக மறுபடி படிந்ததால் வந்தவை. கரைப்பார் அங்கே மழை.

கடற்கரை மூன்றாவது. இது வினையே அல்ல, பெயர்: ஓரம், எல்லை. ஆற்றங்கரை, குளக்கரை, வேட்டியின் கரை எல்லாம் இதுதான். மலையாளத்திலும் 'கர' என்றால் நிலம் தொடங்கும் ஓரம். அலை வந்து கரைப்பதால்தான் கரை என்று பெயர் வந்தது என ஒரு விளக்கம் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. 1966 முதல் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நம் ஈஸ்ட் கோஸ்ட் கரையில், மணல் அரித்துப் போகாமல் இருக்கக் கற்குவியல் தடுப்புகள் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது நம்பக்கூடத் தோன்றும். ஆனால் வேட்டிக் கரையை எந்த அலையும் கரைக்கவில்லை. ஓரம் என்பதுதான் அங்கே அடிப்பொருள். ஒலி ஒத்துப் போவதை மட்டும் வைத்து உறவு கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி, கரைதல் நீரைவிட்டு வெளியே போன இடங்கள். இதில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. சம்பளம் வந்த பத்து நாளில் பணம் கரைந்துவிடுகிறது. தேர்வு முடிவு வரும் காலையில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் என்கிறோம். பயனில்லாமல் போன உழைப்பு ஆற்றில் கரைத்த புளி. யாழ்ப்பாணத் தமிழில் கரைச்சல் என்றால் தொல்லை. ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிற தொல்லை என்று கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. பெட்டியில் வைத்த கற்பூரம் சில மாதத்தில் காணாமல் போனால் அதையும் கரைந்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். அங்கே நீரே இல்லை. கற்பூரம் திரவமாகாமல் நேரே ஆவியாகிறது, அறிவியலார் பதங்கமாதல் என்பார்கள். ஆனாலும் கரைதல் என்று சொல்லும்போது ஒன்றும் உறுத்துவதில்லை. ஏனென்றால் காற்று அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. நீர் என்று முன்பு சொன்னதைக் கொஞ்சம் விரித்துக்கொள்ள வேண்டும். கரைவதற்குத் தேவை, வாங்கிக்கொள்ள இன்னொன்று. பெரும்பாலும் அது நீர், சில நேரம் காற்று, சில நேரம் நாட்கள்.

அதனால்தான் 'நெஞ்சு உருகியது', 'நெஞ்சு கரைந்தது' இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும் ஒன்றல்ல. உருகுகிற நெஞ்சு மறுபடி இறுகலாம், வெண்ணெய் போல. கரைந்த நெஞ்சு இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபமாக இருந்த பாட்டி பேரன் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டதும் கரைந்து போகிறாள், அங்கே 'உருகிப் போகிறாள்' என்று போட்டுப் பாருங்கள், சுவை வேறாகிவிடும்.

என் விளக்கம் தாங்குமா என்று எனக்கே ஐயம் வந்த ஓர் இடம் உண்டு. அஸ்தி கரைத்தல். மண்டாயில் தகனம் முடிந்து கையில் வருவது பெரும்பாலும் எலும்புச் சாம்பல், அதாவது கால்சியம் பாஸ்பேட். வேதியியல் கண்ணால் பார்த்தால் அது தண்ணீரில் கரையவே கரையாது, அடியில் போய்ப் படியும். ஆங்கிலத்தில் இதற்குத் 'தூவுதல்' என்ற சொல்தான், அரசாங்க அறிவிப்பிலும் அப்படித்தான். கண்ணால் பார்க்கிறதைச் சொல்ல அது போதும். ஆனால் நம் வீடுகளில் யாரும் 'அப்பாவைத் தூவிவிட்டு வந்தோம்' என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லில் அவர் வெளியே, தனித்தனித் துகளாகச் சிதறிக் கிடக்கிறார். கரைத்தோம் என்றால் கடல் அவரை வாங்கிக்கொண்டது.

எங்கள் அப்பாவுக்குச் செய்தபோது, செமக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டரில் இதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்துக்குப் படகில் போனோம். காலை நேரம், தண்ணீர் அசையாமல் இருந்தது. அண்ணன் பானையைச் சாய்த்தார். சாம்பல் ஒரு வெள்ளைப் புகைபோல நீருக்குள் விரிந்தது, கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது, அப்புறம் எது நீர் எது அப்பா என்று தெரியவில்லை. படகுக்காரர் எஞ்சினில் கையை வைத்தபடி, முடிந்ததா என்று மலாயில் கேட்டார்.

"கரைச்சாச்சு" என்றார் அண்ணன், தமிழிலேயே.